ஹாஸ்பிஸ் குழுவின் துணையைக் குடும்பத்தார் முழுமையாகப் பெறுவது எப்படி?

நோயைக் குணப்படுத்தும் சிகிச்சைகள் இனிப் பலன் தராது என்று மருத்துவர் சொன்னதும், செய்வதற்கு இனி ஒன்றுமில்லை என்ற முடிவுக்குப் பல குடும்பங்கள் வந்துவிடுகின்றன. வலியையும் மூச்சுத்திணறலையும் தணிப்பது, நோயாளி சொல்ல நினைப்பதைச் சொல்ல வழிசெய்வது, பார்த்துக்கொள்பவர் தளர்ந்துவிடாமல் தாங்குவது என்று வேலை அதன் பிறகுதான் கூடுகிறது. குணப்படுத்த முடியாத நிலையை அடைந்த நோயாளிகளை இறுதிவரை பார்த்துக்கொள்ளும் ஹாஸ்பிஸ் குழுவின் பணி இதுவே. மருத்துவர், செவிலியர், சமூகப் பணியாளர், மனநல ஆலோசகர், உடற்பணிவிடை செய்யும் உதவியாளர், தன்னார்வலர் ஆகியோரும், விரும்புவோருக்குச் சமயப் பெரியவரும் இடம்பெறும் இக்குழு, நோயாளியோடு அவருடைய குடும்பத்தையும் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்கிறது. செவிலியராகவும் சமூகப் பணியாளராகவும் இருந்து பின்னர் மருத்துவரான சிசிலி சாண்டர்ஸ் 1967இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸைத் திறந்தபோது இம்முறைக்கு இன்றைய வடிவம் கிடைத்தது. உடல் நோவும் மனத்துயரும் பணக்கவலையும் உறவுச் சிக்கலும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால், ஒன்றை மட்டும் பிரித்துத் தீர்க்க முடியாது என்பது அவருடைய நிலைப்பாடு.

குழுவை எவ்வளவு முன்னதாக அழைக்க முடியுமோ அவ்வளவு முன்னதாக அழையுங்கள். கடைசி இரண்டு மூன்று நாள்களில் வந்து சேரும் குழுவால் வலியைக் குறைக்க முடியும். நோயாளியின் விருப்பங்களை அவர் வாயாலேயே கேட்டறியப் பெரும்பாலும் முடியாது. எனவே முதல் சந்திப்பிலேயே சில கேள்விகளைப் பேசி முடித்து, விடைகளை எழுத்தில் பதிவு செய்துகொள்வது நல்லது. இறுதி நாள்களை வீட்டில் கழிக்க விரும்புகிறாரா, இதயம் நின்றால் அதை மீண்டும் இயக்கும் முயற்சியோ செயற்கைச் சுவாசமோ வேண்டுமா, தம்மால் பேச இயலாதபோது தமக்காக முடிவெடுப்பவர் யார் என்பவை அவற்றுள் முக்கியமானவை. இரவிலும் அழைக்கக்கூடிய தொலைபேசி எண்ணைக் கேட்டு வாங்கி, எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் ஒட்டிவையுங்கள்.

குழுவினர் வந்துபோகும் நேரம் குறைவு. மீதி நேரம் முழுவதும் நோயாளியின் அருகில் இருப்பவர்கள் நீங்கள்தான். ஆகவே நீங்கள் எழுதிவைக்கும் குறிப்பைப் பார்த்தே பெரும்பாலான மருந்து முடிவுகள் எடுக்கப்படும். "வலி அதிகமாக இருந்தது" என்று சொல்வதைவிட, எந்த இடத்தில், எத்தனை மணிக்கு, எரிச்சலா குத்தலா மின்சாரம் பாய்வது போன்றதா, 0 முதல் 10 வரையிலான அளவில் எவ்வளவு, மருந்து கொடுத்தபின் எவ்வளவு குறைந்தது என்று ஒரு நோட்டில் எழுதிவருவது பலமடங்கு பயன் தரும். நரம்பு சார்ந்த எரிவலிக்கு வேறு வகை மருந்துகளைச் சேர்க்க வேண்டியிருக்கும் என்பதால், வலியின் தன்மையைச் சொல்வது அளவைச் சொல்வதைப் போலவே முக்கியம். பேச முடியாத நோயாளியிடம் நெற்றிச் சுருக்கத்தையும், முனகலையும், புரட்டும்போது உடல் விறைப்பதையும் கவனியுங்கள்.

வலி மருந்தை வலி வந்தபின் கொடுப்பதைவிட, கடிகாரத்தைப் பார்த்துக் குறித்த நேரத்தில் கொடுக்க வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனம் 1986இல் வெளியிட்ட வழிகாட்டுதலிலேயே இடம்பெற்ற விதி. இடையில் வலி மீறினால் கொடுக்கக் கூடுதல் அளவு ஒன்றைக் குழு எழுதித் தரும். அதை எத்தனை முறை கொடுத்தீர்கள் என்பதைக் கொண்டே வழக்கமான அளவை மாற்றியமைப்பார்கள். மார்ஃபின் என்ற பெயரைக் கேட்டாலே அஞ்சுவோர் பலர். மருத்துவரின் கண்காணிப்பில் சரியான அளவில் கொடுக்கப்படும் மார்ஃபின் மரணத்தை விரைவுபடுத்துவதில்லை; வலிக்காக அதை எடுத்துக்கொள்ளும் இறுதிநிலை நோயாளி அதற்கு அடிமையாகிவிடுவார் என்ற அச்சத்தால் மருந்தைக் குறைப்பது அவரை வீணாக வதைப்பதாகும். தொடக்கத்தில் வரும் தூக்கக் கலக்கமும் குமட்டலும் பெரும்பாலும் சில நாள்களில் அடங்கிவிடும். மலச்சிக்கல் மட்டும் அடங்காது என்பதால், மலமிளக்கியையும் முதல் நாளிலிருந்தே கேட்டு வாங்குங்கள். விழுங்க முடியாத நிலை வந்தால் மருந்தை நிறுத்திவிடாமல் உடனே குழுவுக்குச் சொல்லுங்கள். தோலுக்கடியில் சிறிய ஊசி வழியாகச் சீராகச் செலுத்தும் கருவியைப் பொருத்துவார்கள். மூச்சுத்திணறலுக்கு நிமிர்த்தி உட்கார வைப்பதும், முகத்தில் காற்றுப் படும்படி சிறு மின்விசிறியைப் பிடிப்பதும் எளிய, பலன் தரும் வழிகள்.

குடும்பங்களுக்குள் அதிகச் சச்சரவை உண்டாக்குவது மருந்தன்று, உணவுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. உடல் அடங்கிவரும்போது பசியும் தாகமும் குறைவது அந்த நிலையின் இயல்பு. சாப்பிடாததால் நோயாளி தளர்கிறார் என்பதைவிட, உடல் தளர்வதால் அவர் சாப்பிடுவதில்லை என்பதே சரி. வற்புறுத்தி ஊட்டினால் உணவு மூச்சுக்குழாயில் இறங்கும் ஆபத்து உண்டு. ஈரமான பஞ்சால் வாயை நனைப்பதும், உதட்டில் களிம்பு தடவுவதும் அந்நேரத்தில் பெரிய ஆறுதல். இதை உறவினர்களிடம் நீங்களே விளக்குவது கடினமாக இருந்தால், செவிலியரை விளக்கச் சொல்லுங்கள். வெளியாள் சொன்னால் கேட்பார்கள்.

நோயின் நிலையை நோயாளியிடமிருந்து மறைக்க வேண்டும் என்று சிலர் குழுவிடம் கேட்டுக்கொள்வதுண்டு. அனுபவமுள்ள குழு பொய் சொல்லாது; எதையும் திணிக்கவும் செய்யாது. "உங்கள் உடல்நிலையைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்று கேட்டு, அவர் எவ்வளவு அறிய விரும்புகிறாரோ அவ்வளவை மட்டும் சொல்லும். பெரும்பாலும் அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும். வீட்டிலுள்ள குழந்தைகளிடம் "தூங்கப்போகிறார்" என்று சொல்லாதீர்கள்; பிறகு உறங்கவே அஞ்சும் குழந்தைகள் உண்டு. எப்படிச் சொல்வது என்பதை ஆலோசகரிடம் கேட்டுக்கொள்ளலாம்.

பார்த்துக்கொள்பவருக்கு ஓய்வு தேவைப்பட்டால் குறிப்பாகக் கேளுங்கள். "உதவி வேண்டும்" என்பதைவிட "செவ்வாய் பிற்பகல் மூன்று மணிநேரம் ஒருவர் இருந்தால் போதும்" என்பதற்கு ஏற்பாடு செய்வது எளிது.

கடைசி நாள்களின் அறிகுறிகளை முன்கூட்டியே விளக்கச் சொல்லுங்கள். கைகால்கள் குளிர்ந்து திட்டுத்திட்டாக நிறம் மாறுவதும், மூச்சு சிறிது நேரம் நின்று மீண்டும் தொடர்வதும், தொண்டையில் கரகரப்பு கேட்பதும் எதிர்பார்க்க வேண்டியவை. கரகரப்பு பார்ப்பவர்களைக் கலங்கச் செய்யும் அளவுக்கு நோயாளியைத் துன்புறுத்துவதில்லை என்றே மருத்துவர்கள் கருதுகின்றனர். ஒருக்களித்துப் படுக்க வைத்தால் பெரும்பாலும் குறையும். திடீரென அமைதியின்மை தோன்றினால், சிறுநீர் தேங்கியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லிக் குழுவை அழையுங்கள். வீட்டிலேயே இருக்க வேண்டும் என்று முன்பே முடிவு செய்திருந்தால், பதற்றத்தில் ஆம்புலன்ஸை அழைப்பதற்கு முன் குழுவின் எண்ணை அழைப்பது அந்த முடிவைக் காப்பாற்றும்.

இறப்புக்குப் பிறகு மீதமுள்ள மார்ஃபினை வீட்டில் வைத்திருக்காமல், குழு சொல்லும் முறைப்படி ஒப்படைத்துவிடுங்கள். பல குழுக்கள் அடுத்து வரும் மாதங்களிலும் குடும்பத்தாரைத் தொடர்புகொள்கின்றன. அந்த அழைப்பை ஒரு மரியாதைக்காக மட்டும் ஏற்றுப் பேசிவிட்டு வைக்காமல், உறக்கமின்மையோ குற்றவுணர்வோ நீங்காமல் இருந்தால் அப்போதே சொல்லுங்கள். துக்க ஆலோசகரிடம் நேரம் வாங்கித் தருவதும் அவர்களுடைய பணிதான்.