ரோட்டரி எஞ்சினுக்கு டேர்போ பூட்டும்போது ஒயில் திரும்பும் வழியே முதல் வேலை

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும், பிஸ்டனுக்குப் பதிலாக முக்கோண ரோட்டர்கள் சுழலும் ரோட்டரி எஞ்சின் வாகனங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். நான் கை வைத்தவை யாவும் 2003 முதல் 2012 வரை உற்பத்தியான மஸ்டா ஆர்எக்ஸ்-8 வகையைச் சேர்ந்தவை. தொழிற்சாலையிலிருந்து டேர்போ (வெளியேறும் புகையால் ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதே தண்டிலுள்ள மறு சக்கரத்தால் எஞ்சினுக்குள் காற்றை அமுக்கி ஊதும் கருவி) இல்லாமல் வந்த அந்த வாகனத்துக்கு வெளியே வாங்கிய டேர்போ கிட் ஒன்றைப் பூட்டும் ஆசை, அதன் உரிமையாளர்களில் அனேகருக்கு என்றாவது ஒருநாள் வந்துவிடுகிறது. கிட் பெட்டியில் வரும் தாள் எந்த போல்ட் எங்கே போகும் என்பதை ஒழுங்காகச் சொல்லும். பூட்டிய சில மாதங்களுக்குள் அதே டேர்போ நீலப் புகை கக்குவது ஏன் என்பதைச் சொல்லாது. அந்த இடைவெளியை நிரப்புவதற்கே இதை எழுதுகிறேன்.

முதலில் எஞ்சின் டேர்போவைத் தாங்கும் நிலையில் உள்ளதா என்று பார்க்க வேண்டும். சாதாரண கம்பிரஷன் கேஜ் மிகப் பெரிய அளவை மட்டும் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதால், ஒரு ரோட்டரின் மூன்று முகங்களில் ஒன்று பலவீனமாக இருந்தாலும் அது காட்டிக் கொடுக்காது. மூன்று முகங்களையும் தனித்தனியே அளக்கும் ரோட்டரிக் கருவி தேவை. ஆர்எக்ஸ்-8இன் எஞ்சினுக்கு நிமிடத்துக்கு 250 சுற்றில் 830 கிலோபஸ்கால் நல்ல அளவு, 680 என்பது கடைசி எல்லை. எல்லைக்கு அருகில் நிற்கும் எஞ்சினுக்கு டேர்போ பூட்டும் பணத்தை எஞ்சினைப் பிரித்துக் கட்டுவதற்குச் செலவிடுவதே மேல்.

ரோட்டரி எஞ்சின் டேர்போவை ஏன் இவ்வளவு வதைக்கிறது என்பதை விளங்கிக்கொண்டால் மற்ற வேலைகள் தாமாகப் புரியும். புகை வெளியேறும் வழியில் வல்வ் கிடையாது. ரோட்டர் அந்தத் துளையைக் கடந்தவுடன், இன்னும் எரிந்து முடியாத வாயு ஒரே வீச்சில் வெளியே பாய்கிறது. சுமை கூடும்போது அதன் வெப்பநிலை 900 பாகை செல்சியஸைத் தாண்டுவது சாதாரணம். அத்துடன், ரோட்டரின் உட்புறத்தைக் குளிர்விப்பதும் எஞ்சின் ஒயில்தான் என்பதால், டேர்போவை வந்தடையும் ஒயில் ஏற்கனவே சூடேறியது. பெற்றோல் கலந்து சற்று நீர்த்தும் போயிருக்கும். புகைத் துளைகள் எஞ்சினின் பக்கத்தில் தாழ்வாக அமைந்திருப்பதால் டேர்போவும் தாழ்வாகத்தான் தொங்கும். இந்தக் கடைசி விடயத்தைப் பலர் பொருட்படுத்துவதில்லை. என் கண்ணில் பட்ட கோளாறுகளில் பாதிக்கு மேல் அதிலிருந்தே தொடங்கியவை.

டேர்போவுக்குள் ஒயில் அமுக்கத்தோடு போகிறது, ஆனால் வெளியே வருவதற்குப் புவியீர்ப்பைத் தவிர வேறு துணை இல்லை. நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் தண்டைச் சுற்றிவிட்டு வரும் அந்த ஒயில், பிளேன்டீ ஆற்றும்போது எழுவது போன்ற நுரையாகவே கீழே இறங்கும். நுரைக்கு இடம் கூடத் தேவை என்பதால் திரும்பும் குழாயின் உள்விட்டம் 16 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. அது டேர்போவின் அடியிலிருந்து கடைசிவரை இறங்கிக்கொண்டே போக வேண்டும். எஞ்சினின் அடியிலுள்ள ஒயில் தொட்டியான சம்ப்பில் சேரும் இடம், எஞ்சின் ஓடும்போது உள்ள ஒயில் மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். டேர்போவின் நடுப்பகுதியைத் திருப்பிப் பூட்டும்போது ஒயில் வெளியேறும் துளை நேர் கீழ்நோக்கியோ அதிலிருந்து 35 பாகைக்கு மேல் சரியாமலோ நிற்பதையும் அப்போதே உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும், ஏனெனில் பிறகு அதைத் திருத்துவதென்றால் எல்லாவற்றையும் கழற்ற வேண்டிவரும்.

என் மச்சானின் வாகனத்தில் நான் செய்த தவறு இதுதான். கிட்டில் வந்த ரப்பர்க் குழாய் சற்று நீளமாக இருந்தது. வெட்ட மனம் வராமல் எஞ்சின் மவுண்டுக்குக் கீழால் வளைத்துப் பூட்டிவிட்டேன். மட்டக்களப்பின் தட்டையான வீதிகளில் மூன்று வாரம் ஒரு குறையும் தெரியவில்லை. பிபிலையைத் தாண்டி லுணுகலைப் பக்கம் ஏறும்போது, நீண்ட நேரச் சுமையில், பின்னால் நீலப் புகை கட்டியது. டேர்போவின் சீல் போய்விட்டதென்றே எண்ணினேன். ஊருக்குத் திரும்பி வாகனத்தைத் தூக்கிய பின், ஒரு பைப் வேலைக்காக வந்திருந்த லேத் பட்டறை மூத்தவர் டோர்ச் அடித்துப் பார்த்துவிட்டு, “தம்பி, இந்தப் பைப் வயிறு தள்ளி நிக்குது. எண்ணெய் எங்கால போகும்?” என்று கேட்டார். குழாயைக் கழற்றியபோது அந்த வயிற்றுக்குள் தேங்கிய கறுப்பு ஒயில் என் முழங்கைவரை வழிந்தது. நாலு விரல் நீளம் வெட்டி நேராக்கிய பிறகு, புது டேர்போ எதுவும் வாங்காமலேயே புகை நின்றது. மட்டமான நிலத்தில் ஓடுபவர்களுக்கு இப்படிப்பட்ட குறைகள் மறைந்தே கிடக்கும் என்பதை நினைவில் வைத்திருங்கள்.

இப்போதெல்லாம் பூட்டி முடித்தவுடன், திரும்பும் குழாயின் மேல் முனையில் புனல் வைத்து அரை லீட்டர் ஒயிலை ஊற்றிப் பார்க்கிறேன். தயங்காமல், களக் களக் என்று காற்றை விழுங்காமல் இறங்கினால்தான் அடுத்த வேலை.

குழாய் சரியாக இருந்தும் ஒயில் தேங்குமானால், எஞ்சினின் உட்புற அமுக்கத்தைச் சந்தேகிக்க வேண்டும். டேர்போ இல்லாத காலத்தில் ஒயில் ஊற்றும் கழுத்திலிருந்து காற்று உள்ளிழுக்கும் பகுதிக்குப் போன மூச்சுக் குழாயை அதே இடத்தில் விட்டுவிட்டால், பூஸ்ட், அதாவது டேர்போ ஊதும் காற்றின் அமுக்கம், ஏறும்போது அது எஞ்சினின் வயிற்றுக்குள் காற்றை ஊதும். ஊதப்பட்ட வயிறு டேர்போவிலிருந்து வரும் ஒயிலை உள்ளே விடாது. அந்தக் குழாயை டேர்போவுக்கு முன்னுள்ள பக்கத்துக்கு மாற்றி, இடையில் ஒயில் ஆவியைப் பிடித்து வைக்கும் ஒரு கேட்ச் கேன் வைப்பது போதும்.

உள்ளே போகும் ஒயிலுக்கு வருவோம். அதை ஒயில் பில்டரைக் கடந்த பின்னரே எடுக்க வேண்டும். தண்டு சிறு குண்டுகளின் மேல் சுழலும் போல் பேரிங் வகை டேர்போவாக இருந்தால், வாயிலில் சுமார் 1 மில்லிமீட்டர் துளையுள்ள கட்டுப்படுத்தி தேவைப்படும், இல்லாவிட்டால் கூடுதல் அமுக்கம் ஒயிலைச் சீலுக்கு வெளியே தள்ளும்; தண்டு ஒயில் படலத்தின் மேல் சுழலும் புஷ் வகைக்கு அதையே பூட்டினால் தண்டு பட்டினி கிடந்து சாகும். ஆகவே கையிலிருப்பது எந்த வகை என்பதைத் தயாரிப்பாளரின் தாளில் பார்த்து உறுதிப்படுத்தாமல் கட்டுப்படுத்தியைத் தொடக் கூடாது. இந்த இணைப்புகளில் தண்ணீர்க் குழாய்க்குச் சுற்றும் வெள்ளை ரேப்பையும் சிலிக்கன் பசையையும் பயன்படுத்துவதை அடியோடு நிறுத்துங்கள். பிதுங்கி உடைந்த ஒரு சிறு துண்டு அந்த 1 மில்லிமீட்டர் துளையை அடைக்கப் போதும்.

டேர்போவின் நடுப்பகுதிக்குத் தண்ணீர் இணைப்பு இருந்தால் அதைக் கட்டாயம் பூட்ட வேண்டும். எஞ்சினை நிறுத்திய பின் டேர்போவின் புகைப் பக்கச் சக்கரத்தின் சூடு தண்டுக்குப் பரவி, அங்கே நிற்கும் ஒயிலைக் கரியாக்குகிறது. வெளியேறும் தண்ணீர்க் குழாய் உள்ளே வருவதைவிட உயரத்தில் இருந்தால், பம்ப் நின்ற பின்னும் சூடான தண்ணீர் மேலெழுந்து சுற்றிக்கொண்டிருக்கும்.

எஞ்சினின் புகையை டேர்போவுக்குக் கொண்டுபோகும் மேனிபோல்டில் காசு மிச்சம் பிடிக்க நினைப்பவர்களை எனக்கு விளங்குவதேயில்லை. ஆர்எக்ஸ்-8இன் மூன்று புகை வாய்களில் நடுவிலுள்ளது இரண்டு ரோட்டர்களுக்கும் பொது என்பதால், அங்கேதான் சூடு அதிகம். சாதாரண 304 வகை ஸ்டெயின்லெஸ் குழாய் அங்கே வெடித்ததைப் பார்த்திருக்கிறேன். 321 வகை அந்தச் சூட்டை நன்றாகத் தாங்கும். எதனால் செய்தாலும் டேர்போவின் பாரத்தை மேனிபோல்டின் வெல்டிங் மட்டும் சுமக்க விடாமல், எஞ்சினிலிருந்து ஒரு தாங்கி கொடுக்க வேண்டும். புகைக் குழாயின் தொடக்கத்தில், எஞ்சினின் அசைவுக்கு நெளிந்து கொடுக்கும் பகுதி ஒன்றும் வேண்டும். சூடு காக்கும் துணியைச் சாதாரண இரும்புக் குழாயில் சுற்றுவது எங்கள் கடற்கரைக்குப் பொருந்தாது, உப்பு ஈரம் துணிக்குள் தங்கி ஒரு மாரிக்குள் குழாயை அரித்துவிடும். டேர்போவுக்கு மேல் போர்வையும், ஒயில் குழாய்களுக்குத் தனி உறையும் போதும்.

ரோட்டரி எஞ்சின் தள்ளும் வாயுவின் அளவு பெரிது என்பதால், குறைந்த பூஸ்டில் நிறுத்துவதே கடினம். மிகுதிப் புகையை டேர்போவுக்குள் விடாமல் திருப்பிவிடும் கதவான வேஸ்ட்கேட் சிறிதாக இருந்தாலோ அதன் குழாய் செங்கோணத்தில் பிரிந்தாலோ, 6 பி.எஸ்.ஐ.யில் நிற்க வேண்டிய பூஸ்ட் சுற்று ஏற ஏறத் தானும் ஏறும். ஸ்பிரிங்கை மட்டும் வைத்து, பூஸ்ட் கட்டுப்படுத்தியைக் கழற்றிவிட்டு, 2ஆம் கியரில் படிப்படியாகச் சுற்றை உயர்த்தி கேஜைப் பாருங்கள். முள் ஊர்ந்தால், டியூனிங்கால் அதை மறைக்க முடியாது, பெரிய வேஸ்ட்கேட்தான் வழி. இந்த எஞ்சினின் அமுக்க விகிதம் 10:1, டேர்போவுக்கு அது சற்று அதிகம். டெட்டனேஷன் (எரிபொருள் கலவை கட்டுப்பாடின்றி வெடிப்பது) ஏற்பட்டு, ரோட்டரின் முனையிலுள்ள எபெக்ஸ் சீல் உடைந்தால், வெளியேறும் துண்டு முதலில் சந்திப்பது டேர்போவின் சக்கரத்தையே. 95 ஒக்டேன் பெற்றோல், பூஸ்டில் 11:1க்கு அருகிலான காற்று-எரிபொருள் விகிதம், அதைக் காட்டும் வைட்பேண்ட் சென்சர் ஆகிய மூன்றும் இல்லாமல் டியூன் செய்ய எவர் முன்வந்தாலும் வாகனத்தைக் கொடுக்காதீர்கள்.

காற்றுப் பக்கத்தில் கசிவு இருந்தால் டேர்போ அதே பூஸ்டைத் தர அளவுக்கு மீறிச் சுழலும். உள்வாயை அடைத்து, டயர்க் கம்பிரஷரால் 6 பி.எஸ்.ஐ. கொடுத்து, ஒவ்வொரு கிளிப்பிலும் சவர்க்கார நுரை பூசிப் பாருங்கள். பில்டருக்கும் டேர்போவுக்கும் இடையிலுள்ள கசிவு இன்னும் கேடு: கச்சான் காற்று வீசும் மாதங்களில் கிறவல் தூசு அதன் வழியே நேரே சக்கரத்தில் மோதி, தகட்டின் நுனியைத் தேய்த்துவிடும்.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் டேர்போவின் ஒயில் உள்ளே போகும் துளையில் சுத்தமான ஒயில் விட்டுக் கையால் தண்டைச் சுழற்றுங்கள். பின்னர் எரிபொருளையும் பற்றவைப்பையும் துண்டித்து (எரிபொருளைத் துண்டிக்காவிட்டால் ரோட்டரி பிளக்குகள் நனைந்து நாள் வீணாகும்), திரும்பும் குழாயை ஒரு டின்னுக்குள் விட்டு, ஒயில் வரும்வரை இடைவெளி விட்டு விட்டு கிராங்க் செய்யுங்கள். டின்னில் ஒயில் விழுவதைக் கண்ணால் கண்ட பிறகே குழாயைச் சம்ப்பில் பூட்டலாம்.

ஓட்டத் தொடங்கிய பின் ஒயிலை 3000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுகிறேன். ரோட்டரி எஞ்சின் தன் சீல்களை நனைக்க ஒயிலைக் குடித்துக்கொண்டேயிருக்கும் என்பதால், பெற்றோல் அடிக்கும் ஒவ்வொரு இரண்டாம் முறையும் மட்டத்தைப் பார்க்க வேண்டும். வேகமாக ஓடிவந்தால் நிறுத்துவதற்கு முன் டேர்போ ஆற வேண்டும். கல்முனையிலிருந்து ஏ4 வீதியால் வருபவருக்கு அதைக் காத்தான்குடியே செய்து கொடுத்துவிடும். வீதி நடுவேயுள்ள பேரீச்ச மரங்களைக் கடந்து நெரிசலில் ஊர்ந்து கல்லடிப் பாலத்தை அடையும்போது சூடு தணிந்திருக்கும். மற்றவர்கள் ஓரிரு நிமிடம் எஞ்சினைச் சும்மா ஓடவிடலாம்.

முதல் 500 கிலோமீட்டர் முடிந்ததும், எஞ்சின் முற்றாக ஆறியிருக்கும் காலை வேளையில் மேனிபோல்டின் நட்டுகளை மறுபடி முறுக்குங்கள். காற்றுக் குழாயைக் கழற்றி, கம்பிரஷர்ச் சக்கரத்தின் மூக்கைப் பிடித்து அசைத்துப் பாருங்கள்: புஷ் வகையில் பக்கவாட்டில் சிறிது ஆடுவது இயல்பு, ஆனால் முன்னும் பின்னும் விரலுக்குத் தெரியுமளவு அசைந்தால் அன்றைக்கே ஓட்டத்தை நிறுத்த வேண்டும். ஒயில் பில்டரை வெட்டி மடிப்புகளை விரித்து, வெயிலில் சாய்த்துப் பார்த்தால் உலோகத் துகள் மினுங்குவது தெரியும். அடியில் படுத்திருக்கும் அதே நேரத்தில், திரும்பும் குழாயின் கீழ் கிளிப்பையும் ஒருமுறை தடவிப் பாருங்கள். ரப்பர் சூட்டில் இளகி, முதல் தளர்வது அதுதான்.