பழைய டேபிள் சா: புது பிளேடு வாங்கும் முன்

வெட்டிய பலகையின் ஓரம் கருகி வந்தால் பலரும் உடனே கடைக்குப் போய்ப் புது பிளேடு வாங்கிவிடுகிறார்கள். பழைய டேபிள் சாவில் (மேசை நடுவே வட்ட பிளேடு சுழன்று மரம் அறுக்கும் மெஷின்) இது பெரும்பாலும் வீண்செலவு. ஆண்டுக்கணக்கில் அதிர்ந்த மெஷினில் பிளேடின் நேர் கொஞ்சம் கொஞ்சமாக விலகியிருக்கும். வெட்டி முடித்த மரத்தைப் பின்பக்கப் பற்கள் மறுபடி உரசும். கருகலுக்குக் காரணம் அதுதான்.

சோதிப்பது எளிது. முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். ஸ்விட்சை அணைத்தால் மட்டும் போதாது. பிளேடை முழு உயரத்துக்கு ஏற்றி, ஒரு பல்லில் குறி வையுங்கள். அது முன்பக்கம் இருக்கும்போது மேசைக் காடியிலிருந்து (பிளேடுக்குப் பக்கத்தில் மேசையில் ஓடும் நீளப் பள்ளம்) எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று அளந்து, அதே பல்லைப் பின்பக்கம் சுழற்றி மறுபடி அளக்க வேண்டும். முன்னால் ஒரு பல், பின்னால் வேறொரு பல் என்று அளந்தால் பிளேடின் வளைவும் கணக்கில் சேர்ந்துவிடும். வித்தியாசம் 0.1 மி.மீ.க்குள் இருந்தால் தொட வேண்டாம். கூடினால், மோட்டார் மூடிய பெட்டிக்குள் இருக்கும் கேபினட் சாவில் மேசையின் போல்ட்டுகளைத் தளர்த்தி மேசையையே நகர்த்துவார்கள். மோட்டார் பின்னால் தொங்கும் மாடலில் மேசைக்கு அடியில் பிளேடைத் தாங்கும் ட்ரன்னியனை நகர்த்த வேண்டும்.

இதை முடித்த பிறகுதான் ஃபென்ஸ் (வெட்டும்போது மரம் ஒட்டி நகரும் பக்கத் தடுப்பு). பலர் ஃபென்ஸை முதலில் பிளேடுக்கு நேராக்கிவிட்டு, அப்புறம் பிளேடைத் திருத்துவார்கள். செய்த வேலை வீண். பிளேடு, ஃபென்ஸ் இரண்டையும் காடிக்கு நேராக வைப்பதே முறை. ஃபென்ஸின் பின்முனை பிளேடை நோக்கிச் சாய்ந்திருந்தால் மரம் நடுவில் நெருக்குண்டு, வெட்டுபவர் மீதே சீறி வரும். வெட்டிய இடைவெளி மூடாதபடி பிளேடுக்குப் பின்னால் நிற்கும் பிளவுத்தகட்டை "இடைஞ்சல்" என்று கழற்றிப் போடுவது இந்த ஆபத்தை இன்னும் கூட்டும். பழைய மெஷினோடு அந்தத் தகடு வரவில்லை என்றால் தேடிப் பிடித்து மாட்டுவது நல்லது.

நேர் சரியாக இருந்தும் கருகுகிறதா? பற்களில் பிசின் படிந்திருக்கலாம். சலவை சோடா கரைத்த நீரில் கொஞ்ச நேரம் ஊறவைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, உடனே ஈரம் போகத் துடைத்தாலே மழுங்கியதாக நினைத்த பிளேடு பல நேரம் நன்றாக வெட்டும்.

உயரம் ஏற்றும் சக்கரம் இறுகினால் எண்ணெய் ஊற்றுவது இன்னொரு தவறு. மரத்தூள் அதில் ஒட்டிப் பசையாகும். பல்சக்கரத்தைப் பிரஷ்ஷால் சுத்தம் செய்து மெழுகு தடவினால் போதும். மேசை மேற்பரப்புக்கும் மெழுகுதான். சிலிக்கான் ஸ்பிரே வேண்டாம், அது மரத்தில் பட்டால் பாலிஷ் திட்டுத்திட்டாகும். துருவை மண்ணெண்ணெயும் மெல்லிய உப்புத்தாளும் எடுத்துவிடும். பழைய வார்ப்பிரும்பு மேசையைத் துருவுக்குப் பயந்து விற்பவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தம்தான்.

மோட்டார் உறுமுகிறது, சுற்றவில்லை என்றால் பிளேடைக் கையால் தள்ளிவிடாதீர்கள். பிளக்கை எடுத்து, பெல்ட்டைக் கழற்றி, ஷாஃப்ட்டைக் கையால் சுற்றுங்கள். கரகரத்தால் பேரிங் கோளாறு. இலேசாகச் சுற்றினால் மோட்டாரைக் கிளப்பிவிடும் கெப்பாசிட்டர் போயிருக்கலாம், அல்லது மோட்டாருக்குள் உள்ள ஸ்விட்சில் தூள் அடைத்திருக்கலாம். பிளக்கை எடுத்த பிறகும் கெப்பாசிட்டரில் மின்சாரம் தேங்கியிருக்கும் என்பதால் அதை மட்டும் எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள்.