கைதானதுண்டு, தண்டனை இல்லை: வேலைக்கான போலீஸ் சரிபார்ப்பை எதிர்கொள்வது எப்படி?

கல்லூரி நாளில் ஒரு சாலை மறியல். போலீஸ் வேனில் ஏற்றிப்போய்க் கல்யாண மண்டபத்தில் சாயங்காலம் வரை உட்காரவைத்து, பெயர், அப்பா பெயர், முகவரி எழுதிக்கொண்டு விட்டுவிட்டார்கள். அதோடு முடிந்தது என்று நினைத்திருப்பீர்கள். சில வருடம் கழித்து அரசு வேலை கிடைக்கிறது. படிவத்தில் ஒரு கேள்வி: ‘எப்போதாவது கைது செய்யப்பட்டதுண்டா?’

தமிழ்நாட்டில் இந்த நிலையில் இருப்பவர் செய்ய வேண்டியவை இவை.

1. வழக்கு இருக்கிறதா என்று பாருங்கள்

சி.எஸ்.ஆர். என்பது புகாருக்கான ரசீது மட்டுமே. எஃப்.ஐ.ஆர். போட்டிருந்தால்தான் வழக்கு. காவல் நிலையம், ஆண்டு, எண் தெரிந்தால் தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் அதைப் பார்க்கலாம். பாலியல் குற்றம் போன்ற வழக்குகள் மட்டும் அங்கே வராது. அப்புறம் இ-கோர்ட்ஸ் தளத்தில் அதே எண்ணைப் போட்டு, கோர்ட்டுக்குப் போயிருக்கிறதா என்று தேடுங்கள். ‘மற்றும் பலர்’ என்று போட்ட வழக்குகளில் பெயரை வைத்துத் தேடுவது வீண்வேலை.

2. எந்தக் கட்டத்தில் நிற்கிறது?

போலீஸே வழக்கைக் கைவிட்டிருந்தால் அதைத் தெரிவிக்கும் ஆர்.சி.எஸ். நோட்டீஸின் நகலை வாங்குங்கள். விடுதலையோ ரத்தோ ஆகியிருந்தால், கோர்ட்டின் நகல் பிரிவில் மனு போட்டுச் சான்றிட்ட நகல் எடுங்கள். ஜெராக்ஸை நம்பிப் போகாதீர்கள்.

சிக்கலானது, எஃப்.ஐ.ஆர். போட்டுவிட்டு அப்படியே கிடப்பில் கிடக்கும் வழக்குதான். மறியல் வழக்குகளில் வழக்கமாக வருவது பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 143 (சட்டவிரோதக் கூட்டம்), 188 (அரசு அதிகாரியின் உத்தரவை மீறுதல்) பிரிவுகள். இரண்டுக்குமே அதிகபட்சத் தண்டனை 6 மாதம். ஓராண்டுக்குள் தண்டனை உள்ள குற்றம் என்றால், பொதுவாக 1 வருடத்துக்குள் கோர்ட் அதை விசாரணைக்கு எடுத்திருக்க வேண்டும். தவிர, 188-இன் கீழ் போலீஸ் எஃப்.ஐ.ஆர். போடவே முடியாது என்று ஜீவானந்தம் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2018-இல் சொல்லிவிட்டது. இந்த இரண்டையும் வக்கீலிடம் காட்டி, உயர் நீதிமன்றத்தில் ரத்து மனு போட முடியுமா என்று கேளுங்கள். வேலை உத்தரவு வந்தபிறகு ஓடாமல், தேர்வுக்குப் படிக்கும்போதே இதை ஆரம்பித்துவிடுவது நல்லது.

3. கேட்ட கேள்விக்குப் பதில் எழுதுங்கள்

கைதானீர்களா, வழக்கு நிலுவையில் உள்ளதா, தண்டனை பெற்றீர்களா: மூன்றும் தனித்தனிக் கேள்விகள். தண்டனை இல்லை என்பதற்காகக் கைதுக்கும் ‘இல்லை’ என்று எழுதினால் அது மறைத்தல். பலருக்கு வேலை போவது வழக்கால் அல்ல, இந்த ‘இல்லை’யால்தான். அவதார் சிங் வழக்கில் 2016-இல் உச்ச நீதிமன்றம், இளவயதில் கோஷம் போட்டது போன்ற அற்ப விஷயத்தை மறைத்திருந்தாலும் நிர்வாகம் மன்னிக்கலாம் என்றது. அதே தீர்ப்பு, உண்மையைச் சொன்னவருக்கும் வேலை கொடுத்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்றும் சொல்கிறது. ஆனாலும் சொல்லிவிடுவதே மேல். ‘ஆம்’ என்று எழுதி, எஃப்.ஐ.ஆர். எண், பிரிவுகள், முடிவு எல்லாவற்றையும் தனித்தாளில் இணையுங்கள்.

4. போலீஸ் வேலை என்றால்

இங்கே விதி கடுமை. ‘சந்தேகத்தின் பலனை’ அளித்து விடுவித்திருந்தாலும், புகார் கொடுத்தவரே பிறழ்சாட்சி ஆனதால் விடுதலை என்றாலும், குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே தமிழ்நாடு காவல் பணி விதி கருதுகிறது. என்னைக் கேட்டால் இது அநியாயம். ஆனால் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வே 2008-இல் இதை ஏற்றிருக்கிறது. உங்களை விடுவித்த தீர்ப்பின் கடைசிப் பத்தியில் என்ன வார்த்தை இருக்கிறது என்று பாருங்கள்.

5. பாஸ்போர்ட், தனியார் வேலை

பாஸ்போர்ட்டுக்கு எஃப்.ஐ.ஆர். மட்டும் தடையல்ல, கோர்ட்டில் வழக்கு நிலுவையில் இருந்தால்தான் தடை. அப்போதும் அந்தக் கோர்ட்டின் அனுமதி வாங்கி விண்ணப்பிக்கலாம்.

தனியார் கம்பெனிக்காகச் சரிபார்க்கும் நிறுவனங்கள் கோர்ட் பதிவுகளைப் பெயரை வைத்துத் தேடுகின்றன. முடிந்துபோன வழக்கும் அதில் வரும். உங்கள் பெயரே உள்ள வேறொருவரின் வழக்கும் வரும். நம் ஊரில் ‘எஸ். குமார்’ எத்தனை பேர்! அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்கி, அப்பா பெயர், வயது, முகவரி மூன்றையும் வழக்கில் உள்ளதோடு ஒப்பிட்டு, எது பொருந்தவில்லை என்பதை மனிதவளப் பிரிவுக்கு மின்னஞ்சலில் எழுதுங்கள். போனில் சொன்னால் பதிவு இருக்காது.