பிடித்த ராக் கலைஞர் இறந்துபோனால் என்ன செய்வது
குடும்பமோ இசைக்குழுவோ உறுதி செய்யும்வரை செய்தியைப் பகிராதீர்கள், உயிரோடு இருப்பவரையே சாகடிக்கிற வதந்திகள் ஏராளம். அப்புறம், எல்லாரும் போடுகிற அந்த நாலு ஹிட் பாட்டோடு நிறுத்தாமல், முதல் ஆல்பத்திலிருந்து வரிசையாக ஹெட்போனில் கேளுங்கள். 2025 ஜூலை 22-ல் ராக் பாடகர் ஆஸி ஆஸ்போர்ன் இறந்தபோது, அவருடைய பிளாக் சப்பாத் இசைக்குழுவின் 1970-ல் வந்த முதல் ஆல்பத்தைப் போட்டேன்: மழை, இடி, தூரத்தில் ஒரு மணி, சட்டென்று அந்தக் கிட்டார். பதினேழு நாள் முன்னால்தான் பர்மிங்காம் வில்லா பார்க் மைதானத்தில் அரியணையில் உட்கார்ந்தபடியே பாடியிருந்தார் மனுஷன்.

அழுகை வந்தால் அழுங்கள். “நேரில் பார்க்காதவருக்கு எதற்கு?” என்பவர்களிடம் வாதாடாதீர்கள். அந்த வாரம் பழைய இசைத்தட்டு எதையும் வாங்காதீர்கள், விலையை ஏற்றியிருப்பார்கள். அதே கிறுக்குப் பிடித்த நண்பருக்கு ஒரு போன் போடுங்கள்.