செல்போனில் ஒரு படக்கதை: டீக்கடையிலிருந்து தொடங்குவோம்

நல்ல கேமரா வாங்கிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருப்பவர்களுக்கும், கலைக்கு எதற்கு இந்த டெக்னிக்கல் சமாச்சாரமெல்லாம் என்று செட்டிங்ஸ் பக்கமே போகாதவர்களுக்கும் சேர்த்துத்தான் இந்தப் பதிவு: செல்போனில் எடுத்த சில புகைப்படங்களை அடுக்கி ஒரு கதை சொல்வது எப்படி? கேமராவில் நீங்கள் எதை மாற்றினாலும் கதையும் கூடவே மாறும். 1838-ல் பாரிஸில், புகைப்படக் கலையின் முன்னோடிகளில் ஒருவரான லூயி தாகேர் ஒரு பெரிய சாலையை மேலிருந்து படமெடுத்தார். சாலையில் ஆள் நடமாட்டம் இருந்தும் படத்தில் தெரு வெறிச்சோடிக் கிடக்கிறது. படம் பதியப் பல நிமிடங்கள் பிடித்ததால் போகிற வருகிற யாருமே பதியவில்லை. ஷூவுக்குப் பாலிஷ் போட ஒரே இடத்தில் நின்ற ஒருவர் மட்டும் விழுந்திருக்கிறார். அந்தக் கதையில் யார் இருக்கலாம் என்று முடிவு செய்தது லென்ஸ் திறந்திருந்த நேரம், இன்றைய பேச்சில் ஷட்டர் வேகம்.

அதே விஷயத்தை நாம் பக்கத்து டீக்கடையில் பழகலாம். ஆள், நெருப்பு, ஆவி, அசைவு எல்லாம் அங்கே ஒரே இடத்தில் கிடைக்கும்.

1. கதையை ஒரு வரியில் எழுதுங்கள்

'டீக்கடை' என்பது தலைப்புதான், கதையில்லை. 'விடியற்காலையில் கடை திறக்கும் மாஸ்டர், முதல் டீயை யாருக்குப் போடுகிறார்?' என்பது கதை. சில கடைகளில் முதல் கிளாஸை சாமிக்கு என்று வாசலில் ஊற்றிவிட்டுத்தான் வியாபாரத்தைத் தொடங்குவார்கள். உங்கள் கடையில் எப்படி என்று போய்ப் பாருங்கள். அந்த ஒரு வரி கையில் இருந்தால் எதை எடுப்பது என்ற குழப்பம் பாதி தீர்ந்துவிடும்.

2. முதலில் டீ, பிறகு போன்

போனதும் போனை நீட்டாதீர்கள். ஒரு டீ சொல்லிக் குடித்துவிட்டு, "அண்ணே, நீங்க டீ ஆத்துறத நாலு படம் எடுத்துக்கட்டுமா?" என்று கேளுங்கள். வாடிக்கையாளர் முகம் தெளிவாக விழுந்தால் அவரிடமும் கேட்க வேண்டும்.

3. ஷட்டர்

இதற்குத்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில், ஷட்டரை நாமே மாற்றிக்கொள்ள 'ப்ரோ' மோடு இருக்கும். ஐபோனின் சொந்தக் கேமராவில் ஷட்டரைக் கையால் மாற்ற முடியாது, அதற்குத் தனியாக ஒரு ஆப் தேவை.

மாஸ்டர் கையைத் தலைக்கு மேல் தூக்கி டீ ஆற்றும்போது ஷட்டரை 1/1000 (நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வையுங்கள். கண்ணுக்கு ஒரே நாடாவாகத் தெரிகிற டீ, படத்தில் முறுக்கிய கயிறுபோல நிற்கும், ஓரத்தில் தெறித்த துளிகூடத் தெரியும். அடுத்து போனைக் கல்லா மேசையிலோ பெஞ்சிலோ அழுத்தி வைத்து 1/15-ல் எடுங்கள். கை கலங்கி, டீ ஒரு பழுப்புக் கோடாகிவிடும், ஆனால் பாய்லரும் பிஸ்கட் பாட்டிலும் அசையாமல் இருக்கும். முதல் படம் மாஸ்டரின் கைத்திறனைப் பற்றிப் பேசுகிறது. இரண்டாவது, காலைநேர அவசரத்தைப் பற்றி. உங்கள் ஒரு வரிக்கு எது பொருந்துகிறதோ அதுதான் 'சரியான' செட்டிங்.

ஒரு சிக்கல் வரும். ஷட்டர் வேகம் கூடக்கூட வெளிச்சம் குறையும். அதை ஈடுகட்ட ஐஎஸ்ஓவை (கேமரா வெளிச்சத்தை உணரும் அளவை) ஏற்றினால் படம் புள்ளிபுள்ளியாகிவிடும். கடைக்குள் எல்இடி அல்லது ட்யூப்லைட் மட்டும் எரிந்தால் படத்தில் கறுப்புப் பட்டைகளும் ஓடலாம். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் சில விளக்குகள் நொடிக்கு 100 தடவை துடிக்கும். அந்த வெளிச்சத்தில் 1/50 அல்லது 1/100 வைத்தால் பெரும்பாலும் பட்டை வராது. 1/1000 படத்தை விடிந்த பிறகு, கடை வாசல் வெளிச்சத்தில் எடுத்துக்கொள்ளுங்கள்.

4. ஆவி எங்கே தெரியும்?

வெளிச்சம் உங்கள் முதுகுப் பக்கமிருந்து வந்தால் ஆவி காணாமல் போய்விடும். பாய்லருக்குப் பின்னாலிருந்தோ பக்கவாட்டிலிருந்தோ வெளிச்சம் வந்து, பின்னணி இருட்டாக இருக்க வேண்டும். அப்படி ஒரு மூலையைத் தேடி நில்லுங்கள். சாதாரண மோடில் பளிச்சென்ற இடத்தை விரலால் அழுத்திப் பிடித்தால் ஃபோகஸும் வெளிச்சமும் பூட்டிக்கொள்ளும். பிறகு சூரியக் குறியைக் கொஞ்சம் கீழே இழுங்கள். சுவர்க் கரி, பழைய காலண்டர் எல்லாம் இருட்டுக்குள் போய், ஆவியும் மாஸ்டர் முகத்தின் ஒரு பக்கமும் மட்டும் நிற்கும்.

5. ஜூமை நம்பாதீர்கள், காலை நம்புங்கள்

கடை முழுக்கத் தெரிய ரோட்டுக்கு எதிர்ப்புறம் போங்கள். கைக்கு, டீத்தூள் பைக்கு, கிளாஸுக்கு நெருங்கி வாருங்கள். முகத்துக்கு மட்டும் 2எக்ஸ் வைத்துச் சற்றுத் தள்ளி நில்லுங்கள். வைட் லென்ஸோடு பக்கத்தில் போனால் மூக்கு பெரிதாகி ஆளே மாறிவிடுவார்.

6. போன் தானாகச் செய்யும் வேலைகள்

இன்றைய போன் ஒரு தடவை தொட்டாலே பல படங்களை எடுத்து ஒன்றாக ஒட்டிவிடும். நைட் மோடில் இது சில நொடிகள்கூட நீளும், அதற்குள் நகர்ந்தவர் பேய்போலக் கலங்கிவிடுவார், தாகேர் கதைதான். இருட்டையும் வெளிச்சத்தையும் சமப்படுத்தும் எச்டிஆர், நீங்கள் வேண்டுமென்றே விட்ட இருட்டை வெளிச்சமாக்கிவிடும். பின்னணியை மங்கலாக்கும் போர்ட்ரெய்ட் மோடு கண்ணாடி கிளாஸின் விளிம்பையும் ஆவியையும் தப்பாக வெட்டும். டீக்கடையில் இந்த மூன்றையும் அணைத்துவிடுவதே என் பழக்கம். படத்தின் நிறச்சாயலைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விடாமல், ப்ரோ மோடில் 5000 கெல்வின் பக்கம் நிறுத்துங்கள். இல்லாவிட்டால் ஒரு படம் நீலமாகவும் அடுத்தது மஞ்சளாகவும் வந்து, இரண்டு கடை போலத் தெரியும்.

7. கழிப்பதுதான் கஷ்டம்

எடுத்ததில் இருபதைத் தேர்ந்தெடுத்துச் சின்னதாகப் பிரிண்ட் போட்டுத் தரையில் பரப்புங்கள். போன் திரையில் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தால் வரிசை பிடிபடாது. கடையின் தூரக்காட்சி, மாஸ்டர் முகம், கை, டீ, அதை வாங்கிக்கொள்பவர் என்று அடுக்கிப் பாருங்கள், பிறகு இடம் மாற்றுங்கள். ஒரே விஷயத்தைச் சொல்லும் இரண்டு படங்களில் ஒன்று போக வேண்டும், எவ்வளவு அழகாக இருந்தாலும். ஏழு போதும்.

8. எடிட்டிங், வாசகம்

ஸ்னாப்சீட் என்ற எடிட்டிங் ஆப் இலவசம், இந்த வேலைக்கு அதுவே தாராளம். வெளிச்சம், கான்ட்ராஸ்ட், லேசான கிராப்போடு நிறுத்துங்கள். குறுக்கே போகும் கரண்ட் கம்பியை ஏஐ கொண்டு அழிக்க ஆசை வரும். நிஜக் கதை என்று சொல்லிவிட்டால் அழிக்கக் கூடாது, செய்திப் படங்களுக்கான வேர்ல்ட் பிரஸ் போட்டோ என்ற சர்வதேசப் போட்டியின் விதிகளும் படத்தில் எதையும் சேர்க்கவோ நீக்கவோ அனுமதிப்பதில்லை. கம்பி இடைஞ்சல் என்றால் எடுக்கும்போதே இரண்டடி நகர்ந்திருக்கலாம்.

படத்துக்குக் கீழே எழுதும் வாசகத்தில், படத்தில் தெரிவதையே திரும்ப எழுத வேண்டாம். 'மாஸ்டர் டீ ஆற்றுகிறார்' என்பது வீண். எத்தனை மணி, டீ என்ன விலை, அந்த முதல் டீ யாருக்கு என்பதை எழுதுங்கள்.

மாஸ்டருக்குப் படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது 'டாக்குமென்ட்' ஆக அனுப்புங்கள், இல்லாவிட்டால் அது படத்தைச் சுருக்கிவிடும். ஒரு பிரிண்டும் போட்டுக் கொடுத்தால் அடுத்த கதைக்கு அவரே ஆள் சொல்லுவார்.