ரன்னிங் பேக் வீரர்களின் விருதுகள்: வாங்குவோரும் வைத்திருப்போரும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்கக் கால்பந்தில், பந்தைக் கையில் வாங்கிக்கொண்டு எதிரணியின் வரிசையைப் பிளந்து ஓடுபவரை ரன்னிங் பேக் என்பார்கள். அந்த வீரர்கள் பெற்ற கோப்பைகளும் மோதிரங்களும் இன்று ஏலங்களில் பெருந்தொகைக்குக் கைமாறுகின்றன. அவற்றை வாங்குவோர் செய்யும் தவறுகளில் பெரியது, பொருளை உற்றுப் பார்த்துவிட்டு அது வந்த வழியைப் பாராமல் விடுவதே.

கல்லூரிக் கால்பந்தின் உயர்ந்த விருதான ஹைஸ்மன் கோப்பையை எடுத்துக்கொள்வோம். ஒரு கையில் பந்தை மார்போடு அணைத்து, மறு கையை நீட்டி எதிராளியைத் தள்ளியபடி ஓடும் வீரனின் வெண்கலச் சிலை அது. 1935 முதல் வழங்கப்படுகிறது. வீரருக்கு ஒன்றும் அவர் படித்த பல்கலைக்கழகத்துக்கு ஒன்றுமாக இரண்டு சிலைகள் தரப்படுவதால், "இன்னார் வென்ற கோப்பை" என்று விற்பவர் சொன்னால், இரண்டில் எது என்று கேட்டே ஆக வேண்டும். ஓ.ஜே. சிம்சன் 1968-இல் வென்றபோது தென் கலிபோர்னியா பல்கலைக்கழகம் பெற்ற சிலை 1994-இல் அங்கிருந்து திருடுபோய், இருபது ஆண்டுகள் கழித்தே மீட்கப்பட்டது. அவரிடம் இருந்த சிலையோ, முன்னாள் மனைவியும் மற்றொருவரும் கொல்லப்பட்டது தொடர்பான சிவில் வழக்கில் அவர் செலுத்த வேண்டியிருந்த 3.35 கோடி டாலர் இழப்பீட்டுக்காகக் கைப்பற்றப்பட்டு, 1999-இல் முறைப்படி ஏலத்தில் விற்கப்பட்டது. இரண்டும் பார்வைக்கு ஒன்றுதான். ஒன்று திருட்டுப் பொருள், மற்றது சட்டப்படி வாங்கியவருக்கு உரியது.

வென்றவரே விற்றாலும் விற்கும் உரிமை அவருக்கு உண்டு என்று எண்ணிவிடக் கூடாது. 1998-இல் விருது பெற்ற ரிக்கி வில்லியம்ஸின் கோப்பை 2018-இல் 5,04,000 டாலருக்கு ஏலம் போனது. அவருக்குப் பின் வந்தவர்களோ, கோப்பையை விற்பதில்லை என்ற ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டே அதைப் பெறுகிறார்கள்.

மோதிரங்களில் ஏமாறுவது இன்னும் எளிது. அமெரிக்கத் தொழில்முறைக் கால்பந்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌலை வெல்லும் அணியினருக்குத் தரப்படும் மோதிரங்களைச் செய்யும் நிறுவனங்கள், அணிகளிடம் காட்டுவதற்கென்று மாதிரிகள் செய்வது வழக்கம். அவற்றில் புகழ்பெற்ற வீரரின் பெயரே பொறிக்கப்பட்டிருப்பதும் உண்டு என்பதால், பெயரை மட்டும் நம்பிப் பணம் கட்டுவது தவறு. விற்பவரே எழுதிக்கொடுக்கும் நம்பகச் சான்றிதழும் அப்படித்தான். 1990களின் இறுதியில் அமெரிக்கப் புலனாய்வுத் துறையான எஃப்.பி.ஐ. ஒரு பெரிய போலிக் கையெழுத்துக் கும்பலைப் பிடித்தபோது, போலிப் பொருள்களோடு போலிச் சான்றிதழ்களும் சேர்ந்தே விற்கப்பட்டிருந்தது தெரியவந்தது.

வைத்திருப்பவர்கள் செய்யும் தவறு, எழுத்தில் எதுவும் இல்லாமல் இரவல் கொடுப்பது. சிகாகோ பேர்ஸ் அணியின் வால்டர் பேட்டன், தாம் பயிற்சி அளித்த பள்ளி மாணவர்களிடம் நம்பிக்கையின் அடையாளமாகத் தம் சூப்பர் பௌல் மோதிரத்தைக் கொடுத்துவைத்தார். அது காணாமல் போனது. 1999-இல் அவர் மறைந்தார். 2001-இல் ஒரு பழைய சோபாவுக்குள்ளிருந்து அந்த மோதிரம் கிடைத்து அவர் மனைவியிடம் சேர்ந்தது. எனக்கு மிகவும் பிடித்த வீரர் அவர். மோதிரம் வீடு திரும்பியதை அவரால் காண முடியவில்லையே என்பது இன்றும் மனதை உறுத்துகிறது.

வெண்கலச் சிலையைப் பளபளக்கச் செய்ய முயல்வதும் கூடாது. பித்தளைப் பாத்திரத்தைப் புளி போட்டுத் தேய்த்துப் பழகிய கைக்கு அந்தப் பழுப்பு நிறம் அழுக்காகத் தோன்றலாம். உண்மையில் அது பட்டறையில் ரசாயனம் கொண்டு ஏற்றிய படலம். தேய்த்துப் போக்கிவிட்டால் சிலையின் மதிப்பும் அதோடு போய்விடும். மென்மையான உலர்ந்த துணியால் தூசியைத் துடைத்தாலே போதும்.

எல்லாவற்றிலும் ஆபத்தானது, கைவிட்டுப் போன பொருளைத் தாமே போய்ப் பறித்து வர நினைப்பது. 2007-இல் தம்முடைய நினைவுப் பொருள்களை மீட்கிறேன் என்று லாஸ் வேகாஸ் விடுதி அறை ஒன்றுக்குள் ஆட்களோடு புகுந்த சிம்சன், ஆயுதக் கொள்ளை வழக்கில் தண்டிக்கப்பட்டு ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் சிறையில் இருந்தார். பொருள்கள் தம்முடையவை என்ற அவருடைய வாதம் அவரைக் காப்பாற்றவில்லை. அத்தகைய நிலையில் காவல்துறையில் புகார் அளித்து, ஏல நிறுவனத்துக்கு வழக்கறிஞர் வழியாகக் கடிதம் அனுப்பி, நீதிமன்றத்தில் உரிமை கோருவதே வழி. பொருள் கையில் இருக்கும்போதே அதன் பொறிப்பு, கீறல், எடை ஆகியவற்றைப் படங்களோடு பதிவுசெய்து வைத்திருந்தால்தான் அந்த உரிமையை அங்கே நிறுவ முடியும்.