ஓவர்டிரைவ் பெடல் மாட் பண்றதுக்கு முன்னாடி: சால்டரிங் அயர்ன் சூடாகுறதுக்குள்ள இதைப் படிச்சிடுங்க

பெடல் மாட்ல, அதாவது கித்தார் சவுண்டை முரடாக்கற ஓவர்டிரைவ் பெடலைத் திறந்து உள்ள இருக்கற பார்ட்டை மாத்தறதுல, பெரும்பாலான தப்பு ஸ்க்ரூவைக் கழட்டறதுக்கு முன்னாடியே நடந்து முடிஞ்சிடுது. "டோன் சரியில்ல"ன்னு சொல்லித்தான் எல்லாரும் ஆரம்பிக்கறோம், ஆனா என்ன சரியில்லன்னு கேட்டா பதில் வராது. கொரகொரன்னு இருக்கா, மூக்கடைச்ச மாதிரி இருக்கா, லோ ஸ்ட்ரிங் அடிச்சா உடம்பே இல்லாம ஒல்லியா கேக்குதா, இல்ல வாசிக்கும்போது விரலோட அழுத்தம் சவுண்ட்ல தெரியலையா? இது நாலும் நாலு வேற பிரச்சனை, நாலுக்கும் வேற வேற பார்ட் மாத்தணும். முதல்ல கித்தார்ல புது ஸ்ட்ரிங் போட்டு, வேற அடாப்டர்ல ஒரு தடவை ஓட்டிப் பாருங்க. பாதி நேரம் குத்தம் பெடல்லயே இருக்காது.

சரி, பெடல்தான்னு முடிவாயிடுச்சுன்னு வைங்க. டியூப் ஸ்க்ரீமர்ங்கற பிரபலமான ஓவர்டிரைவ் பெடலை வெச்சே பேசறேன், ஏன்னா மாட் பண்றவங்க அதிகமா கை வைக்கறது அதுலயும் அதோட சொந்தக்கார சர்க்யூட்லயும்தான். அதுல "பேஸ் (அடித்தொனி) இல்ல"ங்கறது எல்லாரும் சொல்ற புகார், உடனே பேஸ் மாட் பண்ணிடறாங்க. அந்த பேஸ் எங்க போச்சுன்னு யாரும் கேக்கறதில்ல. கிளிப்பிங் ஸ்டேஜ்ல (சிக்னலைப் பெருசாக்கி, டயோடால அதோட உச்சியை வெட்டற பகுதி) ஒரு 4.7கே ரெசிஸ்டரும் 0.047 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும் சேந்து கிரவுண்டுக்குப் போகும், அது ரெண்டும் சேந்துதான் சுமார் 720 ஹெர்ட்ஸுக்குக் கீழ கெயினை (சிக்னலைப் பெருசாக்கற அளவை) படிப்படியா குறைக்குது. குறைக்குதுன்னா பேஸை வெட்டித் தூக்கிப் போடலங்க. மிட்ஸை (நடுத்தொனியை) நூறு மடங்கு வரைக்கும் பெருசாக்கி டயோடுல முட்ட விடுது, பேஸை ஏறக்குறைய வந்த அளவுலயே கிளீனா அனுப்பிடுது. அதனாலதான் கார்டு அடிச்சாலும் சேறு மாதிரி குழம்பாம ஒவ்வொரு நோட்டும் பிரிஞ்சு கேக்குது. அந்த கெப்பாசிட்டரை 0.1 ஆக்கினா எல்லை சுமார் 340 ஹெர்ட்ஸுக்கு இறங்கும், நல்லாவே இருக்கும், உடம்பு கூடும். அதோட நிறுத்தாம 0.22 போட்டா 150 ஹெர்ட்ஸ் பக்கம் போயிடும், கித்தாரோட லோ ஈ 82 ஹெர்ட்ஸ்தான், அப்ப கிட்டத்தட்ட எல்லாமே டயோடுல முட்டும். தனியா வாசிச்சா பிரமாதமா தெரியும், பேஸ் கித்தாரும் டிரம்ஸும் சேந்த உடனே உங்க கித்தார் எங்க இருக்குன்னே தெரியாது. இதை எழுதறப்பவே எனக்குக் கொஞ்சம் வருத்தமா இருக்கு, ஏன்னா அந்தப் பெடலோட உயிரே அந்த 720-லதான் இருக்கு, அதைத்தான் முதல்ல எடுத்துடறாங்க.

இதே ஸ்டேஜ்ல டிரைவ் பாட்டுக்கு (டிரைவ் நாபுக்கு அடில இருக்கற, திருப்பினா மாறற ரெசிஸ்டர்) பக்கத்துல 51 பிக்கோஃபாரட்ல ஒரு குட்டி கெப்பாசிட்டர் இருக்கும், "ஹைஸை (உச்சத்தொனியை) தின்னுடுது"ன்னு அதைப் புடுங்கிடாதீங்க. டிரைவ் ஃபுல்லா வெக்கும்போது 5.6 கிலோஹெர்ட்ஸுக்கு மேல இருக்கற கூசற சத்தத்தை அடக்கறது அதுதான். அது போச்சுன்னா தேனீக்கூட்டம் மாதிரி ஒரு இரைச்சல் வரும், சில சமயம் பெடல் தானாவே விசிலடிக்கவும் ஆரம்பிக்கும்.

அடுத்தது டயோடு. இங்கதான் நம்ம காது நம்மளையே ஏமாத்துது, கொஞ்சம் விளக்கமாவே சொல்றேன். சாதாரண சிலிக்கான் டயோடு சுமார் 0.6 வோல்ட்ல திறக்கும், ஜெர்மேனியம் 0.3 பக்கத்துல, சிவப்பு எல்இடி 1.7, 1.8 வோல்ட். ஆக எல்இடி போட்டா சிக்னல் ரொம்ப உசரம் வளந்த பிறகுதான் வெட்டுப்படும், அதனால அவுட்புட் சத்தம் அதிகமாகும், கம்ப்ரெஷன் (சிக்னல் அமுங்கறது) குறையும். ஜெர்மேனியம் போட்டா நேர் எதிர், சத்தம் கம்மியாகும். இப்ப லெவல் நாபைத் தொடாம ரெண்டையும் மாத்தி மாத்திக் கேட்டா என்ன ஆகும்? சத்தமா இருக்கறதுதான் நல்ல டோன்னு மனசு முடிவு பண்ணிடும். நான் பல மாசம் எல்இடிதான் உசத்தின்னு நம்பிட்டிருந்தேன். ஒரு நாள் ஃப்ரெண்டு ஒருத்தனை உக்கார வெச்சு, நான் திரும்பி நின்னுக்கிட்டு, அவனை சுவிட்ச் போட்டு மாத்தச் சொன்னேன், ஒவ்வொரு தடவையும் லெவலைச் சமமா வெச்சுட்டுத்தான் வாசிக்கணும்னு கண்டிப்பா சொல்லிட்டேன். பத்துல ஏழு தடவை நான் "இது நல்லாருக்கு"ன்னு கை காட்டினது ஒரிஜினல் சிலிக்கான் டயோடைத்தான். அன்னைலேர்ந்து லெவலைச் சமப்படுத்தாம எந்த மாட்டையும் நான் தீர்ப்பு சொல்றதில்ல, நீங்களும் சொல்லாதீங்க.

டயோடுல உருப்படியா ஒரு மாற்றம் வேணும்னா ஒரு பக்கம் ஒண்ணு, இன்னொரு பக்கம் ரெண்டுன்னு சமமில்லாம போட்டுப் பாருங்க. 1981-ல வந்த, பாஸ் கம்பெனியோட எஸ்டி-1 ஓவர்டிரைவ் பெடல் அப்படித்தான் செஞ்சிருக்கு, டோன்ல கொஞ்சம் முரட்டுத்தனம் வரும், சிப் மாத்தறதை விட இது தெளிவா காதுக்குத் தெரியும்.

சிப்புன்னதும் ஞாபகம் வருது, டியூப் ஸ்க்ரீமர்ல வர்ற ஜேஆர்சி4558 ஆப்-ஆம்ப் (சிக்னலைப் பெருசாக்கற சிப்) மேல இருக்கற பக்தி. பழைய சிப்தான் மந்திரம்னு தேடித் தேடி வாங்கி, போலியும் வாங்கிட்டு வந்து மனசு ஒடைஞ்சு போனவங்க எத்தனையோ பேர். ஓவர்டிரைவ்ல சவுண்டைத் தீர்மானிக்கறது பெரும்பாலும் டயோடும் அதைச் சுத்தியிருக்கற கெப்பாசிட்டரும்தான், ஒழுங்கா வேலை செய்யற ஒரு ஆப்-ஆம்புக்கும் இன்னொண்ணுக்கும் நடுவுல இருக்கற வித்தியாசம் ரொம்ப மெல்லிசு. மாத்திப் பாக்கணும்னு ஆசையிருந்தா 8 பின் சாக்கெட் ஒண்ணு சால்டர் பண்ணிட்டு அதுல சொருகிப் பாருங்க, டிஎல்072, 5532 எல்லாம் அதே பின் வரிசைதான். டிஎல்071 மாதிரி சிங்கிள் ஆப்-ஆம்ப் சிப் அதே சைஸ்ல இருக்கும், ஆனா பின் வரிசை வேற, அதைக் கொண்டுபோய் சொருகிடாதீங்க. சிப்போட தலைல இருக்கற பள்ளமோ புள்ளியோ போர்டுல வரைஞ்சிருக்கற பக்கமே இருக்கணும். திருப்பிப் போட்டா பவர் நேர் எதிரா போய் சிப் சில செகண்ட்ல விரலைச் சுடும்.

இப்ப சால்டரிங். என்னோட முதல் பெடல் போனது இதுலதான். 60 வாட் அயர்ன், டெம்பரேச்சர் கன்ட்ரோல் கிடையாது, ஒரு கெப்பாசிட்டர் கழண்டு வரலன்னு பின்னாடி சூடு வெச்சுக்கிட்டே முன்னாடி இடுக்கியால இழுத்தேன். வந்துச்சு, வரும்போது அதோட சேந்து வட்டமா ஒரு செப்புத் தகடும், அதுலேர்ந்து நூல் மாதிரி ஒரு டிராக்கும் தோல் உரியற மாதிரி உரிஞ்சு வந்துச்சு. அந்த வாசனை இன்னும் மறக்கல. அப்புறம் ஒரு மெல்லிசு ஒயரை வெச்சு பாலம் போட்டுச் சரி பண்ணேன்னு வைங்க, ஆனா அது தேவையே இல்லாத வேலை. 350 டிகிரி பக்கத்துல வெச்சு, பழைய ஈயத்து மேல முதல்ல கொஞ்சம் புது ஈயம் விட்டு உருக்கி, சால்டர் விக் (ஈயத்தை உறிஞ்சற செப்புப் பின்னல்) வெச்சு உறிஞ்சி எடுத்துட்டு, ரெண்டு மூணு செகண்டுக்கு மேல ஒரே இடத்துல சூடு வெக்காம இருந்தா பேட் (அந்தச் செப்பு வட்டம்) தூக்காது. வரலன்னா விட்டுட்டு ஆற விட்டு திரும்ப வாங்க. பழைய பார்ட்டைக் காப்பாத்தணும்னு அவசியமில்லன்னா மேல பக்கம் கட்டர்ல காலை வெட்டிட்டு ஒவ்வொரு காலா எடுங்க, போர்டுக்கு அதுதான் நிம்மதி. குழாய் வேலைக்கு யூஸ் பண்ற ஆசிட் ஃப்ளக்ஸ் பக்கமே போகாதீங்க, நாளாக நாளாக டிராக்கை அரிச்சிடும்.

இன்னொரு பழக்கத்தையும் விட்டுடணும், ஒரே நாள்ல அஞ்சு மாத்தம் பண்றது. பேஸ் கெப்பாசிட்டர், டயோடு, சிப், டோன் கெப்பாசிட்டர், அவுட்புட் ரெசிஸ்டர் எல்லாத்தையும் மாத்திட்டு கேட்டா ஏதோ மாறியிருக்கு, எதனால மாறுச்சுன்னு சொல்ல முடியாது, பிடிக்கலன்னா எதைத் திருப்பறதுன்னும் தெரியாது. ஒண்ணு மாத்து, கேளு, ரெக்கார்ட் பண்ணு, எழுதி வை, மறுநாள் காலைல புதுக் காதோட திரும்பக் கேளு. திறந்த உடனே போர்டோட ரெண்டு பக்கமும் ஃபோட்டோ எடுத்து வெச்சுக்கோங்க, எந்த ஒயர் எங்கேர்ந்து வந்துச்சுங்கறது ராத்திரி ரெண்டு மணிக்கு ஞாபகம் இருக்காது.

சின்னச் சின்னதா சில விஷயம். கெப்பாசிட்டர்ல 473ன்னா 0.047 மைக்ரோஃபாரட், 104ன்னா 0.1, 224ன்னா 0.22, இதை மாத்திப் படிச்சு போட்டுட்டு சர்க்யூட்டைத் திட்டறவங்க உண்டு. எலக்ட்ரோலிட்டிக்ல மைனஸ் கோடு எந்தப் பக்கம்னு ரெண்டு தடவை பாருங்க. ரெசிஸ்டரை போர்டுல இருக்கும்போதே மல்டிமீட்டர்ல அளந்தா பக்கத்துல இருக்கற பார்ட்டெல்லாம் சேந்து தப்பா காட்டும், ஒரு காலாவது தூக்கிட்டு அளக்கணும். டியூப் ஸ்க்ரீமரோட டிஎஸ்9 மாடல்ல டோன் பாட் 20கே ஜி டேப்பர் (திருப்பற அளவுக்குச் சீரா மாறாத வகை), அதுக்குப் பதிலா சாதா லீனியர் பாட் போட்டா மாற்றமெல்லாம் ரெண்டு ஓரத்துலயே குவிஞ்சிடும், நடுவுல திருப்பறதுக்கு ஒண்ணுமே இருக்காது.

9-க்குப் பதிலா 18 வோல்ட் குடுக்கற ஆசையும் பலருக்கு உண்டு, ஹெட்ரூம் (சிக்னல் வெட்டுப்படாம வளர மேல இருக்கற இடம்) கூடும்னு. கிளிப்பிங் ஸ்டேஜ்ல டயோடு 0.6 வோல்ட்லயே வெட்டிட்டிருக்கும்போது மேல இடம் கூடி என்ன பிரயோஜனம்? 4558 தாங்கிடும், ஆனா உள்ள இருக்கற எலக்ட்ரோலிட்டிக் 16 வோல்ட்டுக்கு மட்டும்னு போட்டிருந்தா அது தாங்காது. சார்ஜ் பம்ப் (வர்ற வோல்டேஜை உள்ளயே மாத்திக் குடுக்கற சர்க்யூட்) இருக்கற பெடல்னா இன்னும் மோசம், ஐசிஎல்7660 சிப் 10 வோல்ட்டோட சரி.

ட்ரூ பைபாஸும் (பெடல் ஆஃப்ல இருக்கும்போது சிக்னல் சர்க்யூட்டைத் தொடாம நேரா போற மாதிரி மாத்தறது) அப்படித்தான், எல்லா பெடலையும் மாத்தி, நீளமான கேபிள்ல சிக்னல் தேயாம காப்பாத்தற பஃபரையே ஒழிச்சுட்டு, நீளமான கேபிள்ல ஹைஸ் காணாம போனதும் இன்னொரு பஃபர் வாங்க வேண்டி வரும்.

அப்புறம் சவுண்ட் லெவல். ராத்திரி ரூம்ல மெதுவா வெச்சு மாட் பண்ணா நம்ம காது பேஸைக் கம்மியாத்தான் கேக்கும், அதனால பேஸை ஏத்திக்கிட்டே போவோம், ஸ்டேஜ்ல ஆம்பை ஏத்தினதும் அது மொத்தமும் குமுறும். முடிவு பண்றதுக்கு முன்னாடி ஒரு தடவையாவது பேண்ட் சத்தத்துல வாசிச்சுப் பாத்துடுங்க. அந்த ஆம்ப் வால்வு ஆம்புன்னா பெடலை நோண்டின தைரியத்துல அதைத் திறக்காதீங்க, பெடல்ல இருக்கறது 9 வோல்ட், வால்வு ஆம்புல சுவிட்ச் ஆஃப் பண்ண பிறகும் பல நூறு வோல்ட் நிக்கும்.

எல்லாம் மாட்டி முடிச்சு, சத்தமே வரலையா? பதறி திரும்பவும் அயர்னை எடுக்காதீங்க, மீட்டரை எடுங்க. கறுப்பு ப்ரோப் கிரவுண்டுல, சிவப்பை சிப்போட 8-வது பின்ல வெச்சா 9 வோல்ட் பக்கம் வரணும், 4-ல பூஜ்யம், 1-லயும் 7-லயும் 4.5 பக்கம். 1-ல மட்டும் 9-ஓ பூஜ்யமோ ஒட்டிக்கிட்டு நிக்குதுன்னா நீங்க கை வெச்ச கிளிப்பிங் ஸ்டேஜ்லதான் எங்கயோ ஈயம் ஒட்டல, இல்ல ரெண்டு கால் ஒட்டிக்கிட்டிருக்கு. எங்கயுமே வோல்டேஜ் இல்லையா? பேட்டரில ஓட்டறீங்கன்னா இன்புட் ஜாக்ல ஒரு கேபிளைச் சொருகிட்டு அளங்க, பிளக் உள்ள போனாத்தான் பேட்டரி சர்க்யூட்டோட சேரும்.